இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் எண்ணத் தெரியாதவள்

எனக்கு எண்ணத் தெரியாது. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக உள்ள இரண்டு குப்பங்களில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "யாரு, வேலாயுதம் பொண்ணு கலாவா? எண்ணுவா எண்ணுவா, எரநூத்தம்பத்தஞ்சு வரைக்கும் நல்லாவே எண்ணுவா" என்பார்கள்.

எங்கள் குப்பத்தில் முதன்முதலாக இன்ஜினியரிங் படித்து முடித்த பெண் நான். அப்போது வயது இருபத்திரண்டு. மறைமலைநகரில் வண்டிகளுக்கான கண்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. (ஏழு மாதம் என்பது ஒன்றும் தெரியாத காலம் அல்ல. எல்லாம் தெரியும் என்று தோன்றுகிற காலம். ஆபத்தே அங்கேதான்.) காலையில் செங்கல்பட்டு வரை டவுன் பஸ், அங்கிருந்து கம்பெனி பஸ். போக வர நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் என் மடியில் ஒரு டேட்டாஷீட் இருக்கும். ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப்பினுடைய டேட்டாஷீட். முந்நூறு பக்கத்துக்கு மேல். ஓரமெல்லாம் மடங்கி, ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பார் கறை.

அந்தச் சிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். (சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, அதுதான் என் வியாதி.) கட்டை விரல் நகத்தளவு இருக்கும். கறுப்பு. பக்கத்துக்குப் பத்தாக இருபது கால்கள். அதற்குள்ளேயே ஒரு சின்னக் கணினி, அதற்குள்ளேயே கடிகாரம், அதற்குள்ளேயே நினைவகம். இரண்டு வோல்ட்டிலும் ஓடும், ஐந்தரை வோல்ட்டிலும் ஓடும். மற்ற பெண்கள் போனில் யார் யார் படத்தையோ வைத்துக்கொண்டிருந்த வயதில், நான் அந்தச் சிப்பின் கால் வரைபடத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "வூட்டு பிளானாக்கா?" என்று கேட்டாள்.

இனி அந்தக் கதை.

ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் எங்கள் குப்பத்துக்கும் வடக்குக் குப்பத்துக்கும் துடுப்புப் படகுப் போட்டி நடக்கும். இந்தப் பக்கம் மூன்று படகு, அந்தப் பக்கம் மூன்று படகு. என்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, கரையிலிருந்து துடுப்புப் போட்டுப் போய், கடலில் கட்டிய மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். முந்தின வருடப் போட்டியில் பெரிய தகராறு. எங்கள் ஆள் ஒருவர் போனில் நேரம் எடுத்தார், அவர்கள் ஆள் ஒருவர் போனில் நேரம் எடுத்தார். இரண்டு போனும் இரண்டு பேரை ஜெயிக்க வைத்தன. அதன் பிறகு பத்து மாதம் இரண்டு குப்பமும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மறுபடி போட்டி வைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசியபோது என் நைனா எழுந்து நின்றிருக்கிறார்.

"போனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எம் பொண்ணு மெஷினு செய்வா. அது எந்த ஊருக்கும் சொந்தம் கெடையாது."

வடக்குக் குப்பத்தில் தேசிங்கு மாமா என்று ஒருவர். ஆறடி உயரம். தோள் இரண்டும் தனித்தனி ஊர் மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்து முதல் படகின் தலைவர். அவர், "படிச்ச பொண்ணு பண்ணா சரிதான்" என்றாராம். அவ்வளவுதான். இரண்டு ஊரின் சமாதானமும் என் இருபது கால் சிப்பின் தலையில் வந்து உட்கார்ந்தது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்தேன். பழைய கதவுப் பலகை ஒன்றில் பெரிய பெரிய சிவப்பு எழுத்தும் எண்ணும் எரியும் போர்டு. ஆறு படகுக்கு ஆறு பட்டன். போட்டி தொடங்கும்போது நான் ஸ்டார்ட் பட்டனை அமுக்குவேன், போர்டில் நொடி ஓடத் தொடங்கும். எந்தப் படகின் மூக்கு கரையைத் தொடுகிறதோ அதன் பட்டனை அமுக்குவேன். சிப் அந்த நொடியைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஆறும் வந்ததும் தானே வரிசைப்படுத்தி, முதலில் வந்த படகின் எண்ணையும் நொடியையும் போர்டில் காட்டும். மனிதக் கைக்கு அங்கே வேலையே இல்லை. (என் கையைத் தவிர. அது மனிதக் கை என்பதே எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது.)

என் மிகப் பெரிய பெருமை எது தெரியுமா? அந்தச் சிப்பில் தற்காலிக நினைவு ஆயிரத்து இருபத்து நான்கு பைட். ஒரு பைட் என்பது ஒரு சின்னப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் புரோகிராம் அதில் வெறும் பத்தொன்பது பெட்டிகளைத்தான் எடுத்துக்கொண்டது. ஓடுகிற நொடிக்கு ஒரே ஒரு பெட்டி. அத்தனை சிக்கனம். 'போட்டி மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நூற்றெண்பது நொடி, ஒரு பெட்டி தாராளம்' என்று கணக்குப் போட்டிருந்தேன். வீட்டில் வைத்து மூன்று நிமிடம் ஓட விட்டும் பார்த்தேன். அருமையாக ஓடியது.

காணும் பொங்கல் காலை. கடற்கரையில் பந்தல், மைக் செட், இரண்டு ஊர் ஜனம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். என் அம்மா மல்லிகா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தினமும் கூடையோடு கேளம்பாக்கம் போய், அடுக்குமாடி வீடுகளில் மீன் விற்கிறவள். அங்கே வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள். அவர்களிடம் பேசிப் பேசி, தன் பெண் என்ன செய்கிறாள் என்பதை அம்மா என்னைவிட நன்றாகச் சொல்லுவாள்.

"மெஷினைப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லும்மா" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு வார்த்தை. நான் பன்னிரண்டு நிமிடம் பேசினேன்.

"இந்தச் சிப்புக்கு மொத்தம் இருபது கால்!" என்று ஆரம்பித்தேன்.

"எறாலு ஜாதியாமா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

நான் அசரவில்லை. "மைனஸ் நாற்பது டிகிரி குளிரிலும் வேலை செய்யும், நூற்றிருபத்தைந்து டிகிரி சூட்டிலும் வேலை செய்யும்!"

"அந்தச் சூட்டுல மீனே வெந்துடுமே, அப்புறம் மெஷினு எதுக்கு?"

"வேலை இல்லாதப்போ தூங்கிடும். தூங்கும்போது கரண்ட்டே எடுக்காது!"

என் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மைக்கிலேயே கேட்டது. "எங்க வூட்லயும் ஒர்த்தர் கீறாரு. தூங்கசொல்லதான் காத்தாடி, லைட்டு, டிவி அல்லாம் ஓடணும்."

கடைசியாக என் துருப்புச் சீட்டை இறக்கினேன். "இதுக்குள்ள ஒரு காவல் நாய் இருக்கு. வாட்ச்டாக் டைமர்னு பேரு. புரோகிராம் எங்கேயாவது சிக்கி நின்னுடுச்சுன்னா, அந்த நாய் தட்டி எழுப்பி முதல்லேர்ந்து ஓட விட்டுடும். அதனால இந்த மெஷின் நிக்கவே நிக்காது. தப்பே பண்ணாது!"

இந்தக் கடைசி வாக்கியம் டேட்டாஷீட்டில் இல்லை. நானாகச் சேர்த்தது.

இதற்கு நடுவில் விழாக் குழுப் பெரியவர் ஒருவர் என் காதருகே வந்து ஏதோ சொன்னார். "இந்த வருசம் மெதப்ப கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டிகீதும்மா. கிட்டக்க கட்டுனா திரும்பசொல்ல படகு மோதுதுன்னு படகுக்காரங்க கேட்டுக்கினாங்க." நான், "சரி சரி மாமா" என்று தலையாட்டிவிட்டு, உள் கடிகாரத்தின் துல்லியத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டேன். மிதவை தள்ளிப் போனால் நேரம் கூடும் என்பது எல்.கே.ஜி. குழந்தைக்குத் தெரியும். நான்தான் எல்.கே.ஜி.யைத் தாண்டிப் பதினேழு வருடம் படித்துவிட்டேனே.

கொடி இறங்கியது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். ஆறு படகும் அலையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன. மூன்றாம் எண் படகில் தேசிங்கு மாமா. ஆறாம் எண் படகில் என் நைனா. நைனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எந்த வருடமும் ஜெயித்ததில்லை. பெரும்பாலும் கடைசி. ஆனால் ஒரு வருடமும் கலந்துகொள்ளாமல் இருந்ததில்லை.

திரும்பி வரும்போது முதலில் தெரிந்தது தேசிங்கு மாமாவின் படகு. மூக்கு மணலில் இடித்ததும் பட்டனை அமுக்கினேன். இருநூற்று முப்பத்தெட்டு நொடி. பிறகு எங்கள் ஒன்றாம் எண். பிறகு அவர்களுடைய ஐந்து. எங்கள் இரண்டு. அவர்களுடைய நான்கு. என் கண் கடலில், விரல் பட்டனில். அப்போது பின்னாலிருந்து சரோஜா அத்தை என் தோளைத் தட்டினாள்.

"ஏ கலா, போர்டு சைபருக்கு வந்துட்ச்சுடி."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது அப்படித்தான் அத்தை, உங்களுக்குப் புரியாது" என்றேன்.

(அத்தை இன்றைக்கும் இதை எனக்கு மாதம் ஒரு முறையாவது ஞாபகப்படுத்துகிறாள். "அது அப்டித்தான், ஒனக்குப் புரியாது." சாம்பாரில் உப்புக் கூடினால்கூட இதுதான் பதில்.)

கடைசியாக நைனாவின் படகு கரையைத் தொட்டது. ஆறாவது பட்டனை அமுக்கினேன். போர்டு ஒருமுறை கண் சிமிட்டியது. பஸ்ஸர் நான் எழுதி வைத்த வெற்றி மெட்டைப் பாடியது. பிறகு சிவப்பு எழுத்தில் இப்படிக் காட்டியது:

முதலிடம்: படகு 6. நேரம்: 2.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் கடலைப் பார்க்கவே இல்லை, பாவம். போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பே பண்ணாத மெஷின் என்று நான்தானே சொல்லியிருந்தேன். "முதல் பரிசு, ஆறாம் எண் படகு! தலைவர் வேலாயுதம் அவர்கள்!"

எங்கள் உறவுக்காரர்கள் நாலு பேர், யோசிப்பதற்கு முன்பே, தண்ணீரில் இறங்கி நைனாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நைனா மூச்சு வாங்க, "கடசியா வந்தவனத் தூக்கறீங்களே, இன்னாடா ஆச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் தேசிங்கு மாமா போர்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு செகண்டா?" என்றார். முதலில் மெதுவாக. பிறகு கடலே கேட்கும்படி. "ரெண்டு செகண்டா! ரெண்டு செகண்ட்ல நா ஒரு தும்மலு தும்ம முடியுமா? இவரு மெதப்ப சுத்தினு வந்துட்டாராம்!"

"பொண்ணு செஞ்ச மெஷினு, நைனாவுக்குத்தான பாசம் காட்டும்!" என்றான் அவர் படகுக்காரன் ஒருவன்.

"அந்த நாய் இன்னாமா பண்ணிகினு இருந்துச்சு?" என்று இன்னொரு குரல்.

எனக்கு அந்தக் கேள்விதான் நெஞ்சில் குத்தியது. ஏனென்றால் பதில் அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. புரோகிராம் சிக்கி நின்றால்தான் அந்த நாய் எழுப்பும். என் புரோகிராம் சிக்கவே இல்லை. தவறான பாதையில் வெகு வேகமாக, வெகு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. என்னை மாதிரியே.

இரண்டு ஊர் ஆண்களும் நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள். பத்து மாதச் சண்டையை முடித்து வைக்க வந்த மெஷின், பதினோராவது மாதத்தைத் தொடங்கி வைக்கப் போகிறது. போர்டின் வயரைப் பிடுங்கிவிட்டு அப்படியே கம்பெனி பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். காணும் பொங்கலுக்குக் கம்பெனி பஸ் கிடையாது.

அப்போது நைனா தோள்களிலிருந்து இறங்கி வந்து மைக்கை வாங்கினார்.

"நா கடசி" என்றார். "எனக்கே தெரியும். வருசா வருசம் கடசிதான், எனக்குத் தெரியாதா? தேசிங்கு அண்ணாத்தைதான் மொத. அதுல பேச்சே இல்ல. ஆனா எம் பொண்ணு பொய் சொல்றவ இல்ல. மெஷினு ஏன் அப்டி சொல்லிச்சுன்னு அவளே சொல்லுவா. கேளுங்க."

மைக்கை என் கையில் வைத்துவிட்டார். அவர் கண்ணில் துளிச் சந்தேகம் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள், எட்டு பிட் பெட்டி என்றால் என்ன என்று கடற்கரையில், கோபமாக நிற்கும் முந்நூறு பேருக்கு எப்படி விளக்குவது? டேட்டாஷீட்டின் முந்நூறு பக்கத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. முதல் வரிசையைப் பார்த்தேன். அம்மா இருந்தாள், சரோஜா அத்தை இருந்தாள், முனியம்மா பெரியம்மா இருந்தாள்.

"ஒரு எட்டுப் பேர் எழுந்து வாங்க" என்றேன்.

எட்டு மீன்காரப் பெண்களை மணலில் வரிசையாக நிறுத்தினேன். அந்தக் கடைசியில் முனியம்மா பெரியம்மா. "நீங்க நின்னா நூற்றிருபத்தெட்டு பெரியம்மா." அடுத்தவளுக்கு அறுபத்து நான்கு. அதற்கடுத்து முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நான்கு. சரோஜா அத்தைக்கு இரண்டு. இந்தக் கடைசியில் அம்மா. அம்மாவுக்கு ஒன்று.

"எனக்கு மட்டும் ஒண்ணா?" என்றாள் அம்மா.

"நிக்கறவங்களைக் கூட்டினா நொடி வரும். உக்கார்றவங்க கணக்கில் இல்லை. இந்தச் சிப்புக்குள்ள ஒரு பெட்டியில் இந்த எட்டுப் பேர்தான் இருக்காங்க. இப்போ நொடி இருநூற்று ஐம்பத்திரண்டு. எங்க ஊர் ரெண்டாம் படகு வந்த நேரம்."

அத்தையையும் அம்மாவையும் உட்கார வைத்தேன். மற்ற ஆறு பேர் நின்றார்கள்.

"ஐம்பத்து மூணு!" அம்மா எழுந்தாள். "ஐம்பத்து நாலு!" அம்மா உட்கார்ந்தாள், அத்தை எழுந்தாள். "ஐம்பத்தஞ்சு! வடக்குக் குப்பம் நாலாம் படகு!" அம்மா மறுபடி எழுந்தாள். எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் அவங்க பாட்டுக்கு நிக்கறாங்க, நா மட்டும் இன்னாடி எழுந்து எழுந்து உக்காந்துகினு கீறேன்?" என்றாள் அம்மா. முதல் சிரிப்பு அப்போதுதான் கூட்டத்தில் கேட்டது.

"இப்போ அடுத்த நொடி வருது. எழுந்து நிக்க இனிமே ஆள் இல்லை. பெட்டிக்குள்ள எட்டுப் பேருக்குத்தான் இடம். அப்போ என்ன ஆகும்? எல்லாரும் உக்காருங்க!"

எட்டுப் பேரும் பொத்தென்று மணலில் உட்கார்ந்தார்கள். முனியம்மா பெரியம்மா, "அப்பாடா" என்றாள்.

"இதான் சைபர். அத்தை பார்த்தாங்களே, அது. இது என் தப்பு. இன்னொரு பெட்டி போட்டிருக்கணும், போடலை. அடுத்த நொடி, ஒண்ணு!" அம்மா எழுந்தாள். "அதுக்கு அடுத்த நொடி!" அம்மா உட்கார, சரோஜா அத்தை எழுந்து தனியாக நின்றாள்.

"அத்தை எவ்வளவு?"

"ரெண்டு!" என்று கூட்டமே கத்தியது.

"அப்போதான் எங்க நைனா வந்தாரு!"

கடற்கரையே சிரித்தது. நைனாதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார், கடைசியாக வந்ததை நிரூபித்துவிட்டேன் என்று.

தேசிங்கு மாமா மட்டும் சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு வரிசையைப் பார்த்தபடியே நின்றார். "இரு இரு" என்றார். "ஒம்பதாவது ஆளு ஒண்ணு நின்னா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைக் கல்லூரியில் என் வகுப்பில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"வந்து நில்லுங்க மாமா. பெரியம்மாவுக்கு அந்தப் பக்கம்."

மாமா போய் நின்றார். மறுபடி எண்ணினோம். ஐம்பத்தைந்தில் எட்டுப் பேரும் எழுந்தார்கள், மாமா உட்கார்ந்திருந்தார். அடுத்த நொடி, எட்டுப் பேரும் உட்கார, அவர் ஒருவர் மட்டும் எழுந்தார்.

"இப்போ நா எவ்ளோமா?"

"இருநூற்று ஐம்பத்தாறு மாமா."

"இவங்க எட்டு பேரும் சேந்தா?"

"இருநூற்று ஐம்பத்தைந்து."

மாமா அந்த எட்டுப் பேரையும் ஒருமுறை பார்த்தார், தன் ஊரை ஒருமுறை பார்த்தார். தோள் இரண்டும் இன்னும் அகலமாயின. "எட்டு பேரையும் சேத்தாலும் நா ஒண்ணு கூட!" என்றார்.

அவ்வளவுதான், சண்டை முடிந்தது. மாமாவும் அத்தையும் நிற்க, இருநூற்று ஐம்பத்தெட்டு, ஆறாம் எண், கடைசி என்று நானே அறிவித்தேன். கோப்பை தேசிங்கு மாமாவுக்குப் போனது. ஆனால் அவர் ஊருக்குப் போய்ச் சொன்னது கோப்பைக் கதையை அல்ல. இன்றைக்கும் வடக்குக் குப்பத்தில் அவர் பெயர் 'எரநூத்தம்பத்தாறு'தான். போனில் கூப்பிட்டால் அவரே அப்படித்தான் சொல்கிறார். நின்றுபோகப் பார்த்த கல்யாணமும் அந்த ஆவணியில் நடந்தது. பந்தியில் எட்டு இலை போட்டு ஒன்பதாவது இலைக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் அதே சிப், அதே போர்டு. நொடிக்கு இரண்டு பெட்டி. பதினெட்டு மணி நேரம் போட்டி நடந்தாலும் தாங்கும். நைனா வழக்கம்போலக் கடைசியாக வந்தார். போர்டும் வழக்கம்போல உள்ளதைச் சொன்னது. நைனா தலையைத் துவட்டிக்கொண்டே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா கலா, போன வருசத்து மெஷினு இதவிட நல்லா இருந்துச்சே."

இப்போது நான் அதே கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களை முதல் நாளே எட்டுப் பேராக எழுந்து நிற்க வைத்துவிடுகிறேன். அவர்கள் கம்பெனியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் இதுவரை யாரும் நொடியை ஒற்றைப் பெட்டியில் வைத்ததில்லை.

வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. அன்றைக்கு யாரோ போனில் எடுத்தது. நாலு பேர் தோளில் நைனா, தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் படகு 6, நேரம் 2. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட நைனா முதலில் அதைத்தான் காட்டினார். வருகிறவர்கள் எல்லோரும், அது எப்படி இரண்டு நொடியில் என்று கேட்பார்கள். உடனே நைனா சமையலறைப் பக்கம் திரும்பி, "மல்லிகா, கொஞ்சம் வந்து எழுந்து உக்காந்து காட்டேன்" என்பார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். முட்டி வலி என்று முனகுவாள். தேசிங்கு மாமா வந்திருக்கும் நாளானால், அவர் தன் இருநூற்று ஐம்பத்தாறைப் பற்றி ஆரம்பிப்பார். அம்மா அவரை முடிக்க விடுவதில்லை.

"நீ எரநூத்தம்பத்தாறாவே இருந்துக்கோ அண்ணாத்த. ஆனா எண்ண ஆரம்பிக்கணும்னா மொதல்ல நாந்தான எழுந்திரிக்கணும்?"